செல்வி, கார்த்திகை நட்சத்திரம்

என் அன்பு நங்கையாவுக்கு,

சட்டக் கல்லூரியில் உங்களை மேடம் என்றார்கள். கோர்ட்டில் புரொபசர் அம்மா என்றார்கள். எனக்கு நீங்கள் என் வீட்டுக்காரரின் அக்கா. நம் பக்கத்து வழக்கப்படி நங்கையா. இந்த வீட்டில் அப்படிக் கூப்பிடும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. கூப்பிட்டால் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "சொல்லு அம்மணி" என்பீர்கள். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலையைத் தூக்கிக் கேளுங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் தம்பி பெரியநாயக்கன்பாளையம் பட்டறையை முழுக்க மகனிடம் விட்டுவிட்டார். சாயங்காலமானால் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். "அக்கா நாற்காலிங்க அது" என்று சொல்லிப் பார்த்தேன். "அவ கிளாசுக்குப் போனதுக்கப்புறம் நான் திருட்டுத்தனமா உக்காந்த நாற்காலிதான் இது, இப்ப என்ன புதுசா" என்கிறார். நீங்கள் நட்ட கறிவேப்பிலை மொட்டை மாடியை எட்டிவிட்டது. வழக்குக் கட்டையும் கறிவேப்பிலைக் கொத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போவீர்களே, அந்தப் பையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். வாசம் இன்னும் போகவில்லை.

கல்லூரியில் உங்களுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். வக்கீல்கள் எழுதுகிறார்கள், உங்களிடம் படித்து நீதிபதியான ஒருவர் எழுதுகிறார். நானும் எழுத வேண்டும் என்று கேட்டு ஒரு பெண் வந்தாள். உங்கள் மாணவி, இப்போது அங்கேயே சொல்லிக் கொடுக்கிறாள்.

"எட்டாவதோட நின்னவ நானு. சட்டத்தப் பத்தி என்னத்தங்க எழுதறது?"

"மேடத்தோட நோட்டெல்லாம் உங்க கையெழுத்துத்தானுங்களே அத்தை. நாங்க பரீட்சைக்குப் படிச்சதே உங்க எழுத்தத்தான்" என்று சிரித்தாள்.

அவள் சொன்னது சரிதான். வாரத்தில் ஐந்து நாள் கல்லூரி உங்களுக்கு. சனியும் ஞாயிறும் நம் வீட்டு முன்னறை. அங்கே யார் யாரோ வந்தார்கள். ஸ்டேஷனில் அடிபட்ட மகனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த தாய், வழித்தடத்தில் நடக்க விடாமல் தடுக்கப்பட்ட தெருக்காரர்கள், மில் ஆஸ்டலிலிருந்து வெளியே வர முடியாத பெண்கள். நம் சொந்தத்திலேயே மில் வைத்திருப்பவர்கள் உண்டு. கல்யாண வீட்டில் உங்கள் பக்கத்து இலை காலியாகவே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த இலையைப் பார்த்துவிட்டு, "பரிமாறறவருக்கு ஒரு எல மிச்சம்" என்று என் காதில் சொன்னதும் நினைவிருக்கிறது.

உங்கள் கையெழுத்து உங்களுக்கே புரியாது. ஒருநாள் சமையலறைக்கு வந்தவர், அடுப்பு மேடையில் இருந்த என் மளிகை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தன தெளிவா எழுதறவ எதுக்குப் புளிக்கும் பருப்புக்கும் எழுதிட்டிருக்கறே? வா முன்னால" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனீர்கள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். பத்தொன்பது நோட்டு எழுதினேன்.

உங்களுக்கு ஒரு முறை இருந்தது. வந்தவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுத வேண்டும். முடிந்ததும் நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் "ஆமாங்க, இதேதான்" என்று சொன்னால்தான் கையெழுத்து. "இல்லீங்க" என்றால் அடித்துவிட்டு மறுபடி. சட்ட வார்த்தை ஒன்றை நான் கெட்டிக்காரத்தனமாக நுழைத்துவிட்டால், "அவ பேசினதா இது, நீ பேசினதா?" என்று கேட்பீர்கள். கடைசியில் வந்தவரிடம் ஒரு வாக்குக் கொடுப்பீர்கள்: "உன்னையக் கேக்காம இந்த நோட்டு இந்த ஊட்டு வாசப்படியத் தாண்டாது கண்ணு." கல்லூரியில் பாடம் நடத்த ஒரு பக்கத்தை எடுத்துப்போவதாக இருந்தால்கூட, அவரைக் கேட்டு, பேரையும் ஊரையும் நீக்கி, என்னைத் தனித்தாளில் பிரதி எடுக்கச் சொல்வீர்கள். நீங்கள் முப்பது வருஷம் நடத்திய பாடத்தில் எனக்கு முழுசாகப் புரிந்தது இது ஒன்றுதான்.

இப்போது அந்த நோட்டுகளைத்தான் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான். நூலகத்தில் உங்கள் பேரில் ஓர் அலமாரி, படிக்கிற பிள்ளைகள் எடுத்துப் பார்க்கலாம். உங்கள் முதல் வருஷ நினைவு நாளன்று ஒப்படைக்க வேண்டுமாம். உங்கள் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாராளமா எடுத்துக்குங்க, அக்கா சொத்தே அதுதான்" என்று சொல்லிப்போட்டார். பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் போன பிறகு, "அக்கா குடுத்த வாக்கு ஒண்ணு இருக்குதுங்க. ஒவ்வொருத்தரையும் கேக்கோணும்" என்றேன்.

"நூத்தம்பது பேரையா? எங்கெங்கே இருக்கறாங்களோ!"

"நூத்தி நாப்பத்தி மூணுங்க. ஊரு விலாசம் எங்கிட்ட இருக்குது."

அவருக்குத் தெரியாது. நான்காம் நோட்டிலிருந்து பேர்களே கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யார் என்பது தனியாக ஒரு சின்ன நோட்டில், சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது; இப்போது வேறு இடம். முதல் மூன்று நோட்டில் வந்தவர்களின் ஊர் விலாசமும் அதிலேயேதான். அந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அதைத்தான் இன்று எல்லோரும் படிக்க எழுதப்போகிறேன்.

செல்வி மூன்றாம் நோட்டில் இருக்கிறாள், பேரோடு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உடுமலைப் பக்கம் ஒரு மில்லில் வேலை. வலது கை மோதிர விரல் மெஷினில் போயிருந்தது. ‘பயிற்சிக்கு வந்த புள்ள, கவனமில்லாமக் கைய உட்டுட்டா’ என்று மில்லில் கைகழுவிவிட்டார்கள். மூன்று வருஷம் முடியாமல் வீட்டுக்கும் அனுப்ப மாட்டார்களாம். மாதத்தில் ஒரு ஞாயிறு கோயிலுக்கு விடுவார்கள். அப்படிக் கோயிலுக்கு என்று சொல்லித்தான் நம்மிடம் வந்தாள். ஆஸ்டலில் அவளுடைய சிநேகிதி தனம், "செல்வி பின்னால வாராளுங்க" என்று சொல்லிச் சமாளித்தாள். தனத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நான் எழுதினேன், படித்தேன், அவள் "ஆமாங்க, இதேதான்" என்றாள். சாப்பிட உட்காரவைத்தேன். இடது கையைத் தட்டுக்கு முட்டுக் கொடுத்து, நாலு விரலால் பிசைந்து சாப்பிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. "உன்ற நட்சத்திரம் என்ன கண்ணு?" என்று கேட்டேன். கார்த்திகை என்றாள்.

வெள்ளிக்கிழமை நம் வீதிக் கோயிலுக்குப் போனேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, பஜனையில் மைக் வேண்டாம் என்பார்கள். பூசாரி பேர், நட்சத்திரம் கேட்டார். "செல்வி, கார்த்திகை நட்சத்திரம்" என்றேன்.

பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், வீதிக்குப் புதுசாகக் குடிவந்தவர், "ஏனுங்க அம்மணி, சொந்தக்காரப் புள்ளைங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, உடுமலைப் பக்கம் மில்லுல இருக்குதுங்க. நங்கையாகிட்ட வந்துட்டுப் போயிருக்குது. கேசு நல்லபடியா முடியோணும்னுதானுங்க."

"நல்லா முடியுமுங்க" என்று அவர் தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த அம்மாவின் தங்கைதான் அந்த மில் ஆஸ்டலைப் பார்த்துக்கொண்டவள். திங்கட்கிழமை செல்வி அங்கே இல்லை. வேறு எங்கோ ஒரு மில்லுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா தங்கையிடம் வேண்டுமென்றே சொன்னாரா, இல்லை என்னைப் போல நல்லது நினைத்துச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

நீங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தீர்கள். நான் வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தீர்கள். திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

"சாமிகிட்டச் சொன்னது தப்பில்ல அம்மணி. சத்தமாச் சொன்னதுதான் தப்பு" என்றீர்கள். அன்றைக்கு ராத்திரியே செல்வியின் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினீர்கள். ஆட்கொணர்வு மனு என்ற வார்த்தையை நான் அப்போதுதான் கேட்டேன். ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று கோர்ட்டே சொல்ல முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் நான் சாமியறைக்குள் போகவில்லை. வெளியே நின்றே விளக்கைப் பார்த்தேன்.

செல்வியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் வீட்டுக்குப் போனாள், விரலுக்கான வழக்கும் பிற்பாடு அவள் பக்கம் முடிந்தது. சென்னையிலிருந்து திரும்பியதும் நீங்கள் என்னைக் கூப்பிட்டுப் பீரோ சாவியைக் கையில் வைத்தீர்கள். "இனி இது உங்கிட்டத்தான்." பிறகு, "செல்விகிட்ட நீதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்" என்றீர்கள்.

ஏன் என்னிடம் கொடுத்தீர்கள் நங்கையா? தப்புச் செய்தவள் கையில் யாராவது சாவி கொடுப்பார்களா? நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் நோட்டுகளை அடுக்கிப் பொட்டு வைக்கும்போது, மூன்றாம் நோட்டு கைக்கு வரும் நேரம் என்னைப் பார்ப்பீர்கள். ‘சொல்லிட்டியா’ என்று ஒருநாளும் வாயால் கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். அன்றிலிருந்து எந்தக் கோயிலில் பேர், நட்சத்திரம் கேட்டாலும் "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்பேன். பெற்ற மகன் பேருக்குக்கூட அர்ச்சனை செய்ததில்லை. பக்தி முத்திவிட்டது என்று உங்கள் தம்பி கேலி செய்வார்.

ஆக, யாரைக் கேட்பதாக இருந்தாலும் முதலில் செல்வியைத்தான் கேட்க வேண்டும். அவளிடம் நோட்டைப் பற்றிக் கேட்கிறதற்கு முன்னால் மற்றதைச் சொல்ல வேண்டும். உக்கடத்தில் உங்கள் தம்பி என்னை உடுமலை பஸ் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் கந்தனை விட்டால் ஆளில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன்.

செல்வி உடுமலையில் தையல் கடை வைத்திருக்கிறாள். நல்ல சதை போட்டிருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். நாலு விரல் முதுகில் பட்டது. உங்கள் போட்டோவைக் கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். நீங்கள் இருந்தால் கழற்றச் சொல்லியிருப்பீர்கள்.

டீ வருகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். கோயில், பூசாரி, பக்கத்தில் நின்ற அம்மா, எல்லாம். செல்வி மறுபடி மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக் கையை மூட்டிக்கொண்டே கேட்டாள். முடிக்கும்போது மெஷின் நின்றிருந்தது.

"அப்ப... தனம் சொல்லலீங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அவளுக்கு மட்டுந்தானுங்க தெரியும். அவதான் சொல்லிக் குடுத்துட்டான்னு நெனச்சனுங்க. கோர்ட்டு முடிஞ்சு பொட்டி எடுக்க ஆஸ்டலுக்குப் போனேன். ஓடியாந்து கையப் புடிச்சா. உதறிப்போட்டு வந்துட்டேன். என்ற கல்யாணத்துக்குச் சொல்லல. அவ கல்யாணத்துக்குப் பத்திரிக வந்துது, கிழிச்சுப்போட்டேன்."

நங்கையா, இது உங்களுக்கும் தெரியாது. நான் வாயைத் திறந்ததால் பதினொரு நாள் போயிற்று என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்ததில் போனது இருபத்திரண்டு வருஷம். கால் பிடிக்கக் குனிந்தேன். "எந்திரிங்க, கட பொண்ணுங்க பாக்குது" என்று தோளைப் பிடித்துத் தூக்கினாள். கோபமா என்று கேட்டேன். "கோவமாத்தானுங்க இருக்குது. டீயக் குடிங்க" என்றாள்.

டீ குடித்ததும், "தனம் இப்ப எங்க இருக்காளோ" என்றாள்.

என் பைக்குள் அந்தச் சின்ன நோட்டு இருந்தது. உங்களுக்கே தெரியும், ஒருவர் வந்தால் அவருடைய சிநேகிதி பேரையும் ஊரையும்கூடக் குறித்து வைப்பேன். ‘தனலட்சுமி, கொடுமுடி, ஆத்தங்கரைப் பக்கம், அப்பா பேரு இன்னது.’ எதற்கு இதெல்லாம் என்று ஒருமுறை கேட்டீர்கள். இதற்குத்தான் போலிருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை செல்வியும் நானும் தாராபுரத்தில் பஸ் மாறிக் கொடுமுடி போனோம். அப்பா பேரைச் சொல்லி விசாரித்ததில், தனம் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலேயே டிபன் கடை வைத்திருப்பது தெரிந்தது. செல்வி எதிர்ச்சாரியில் வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். "நீங்க முன்னால போங்க" என்று என்னைத் தள்ளினாள். நான் போய் நிற்பதற்குள் தனம் தோசைத் திருப்பியோடு வெளியே வந்துவிட்டாள். மரத்தடியைப் பார்த்தாள்.

"ஏண்டி, அங்கயே நின்னுட்டுப் போறதுக்கா பஸ் ஏறி வந்தே?"

செல்வி ரோட்டைத் தாண்டி வந்து என் பின்னால் நின்றாள். நான்தான் பேசினேன். கல்லாப்பெட்டிக்கு முன்னால் நின்று, சாப்பிட வந்தவர்களெல்லாம் பார்க்க, எல்லாவற்றையும் இரண்டாம் முறை சொன்னேன். தனம் நடுவில் ஒரு தோசையைத் திருப்பினாள், மறுபடி கேட்டாள்.

"இத்தன வருசமா நீ எதுக்குப் பேசலைன்னே எனக்குத் தெரியாதுடி. உன்ற கையி போயிருச்சு, என்ற கையி முழுசா இருக்குது, அதுதான் பொறுக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, சாமிக்குக் காது கேக்காதுன்னு நெனச்சீங்களா?"

செல்விதான் முதலில் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். தோசை கருகிப்போனது. அதை எனக்குத்தான் போட்டாள், சட்னியும் ஊற்றவில்லை. முழுசும் தின்றேன்.

நோட்டு விஷயத்தைக் கேட்டேன். செல்வி யோசித்தாள். "குடுங்க. பேரோடயே குடுங்க. ஆனா என்ற பக்கத்துக்கு அடுத்தாப்பல உங்க பக்கமும் இருக்கோணும். கோயில்ல சொன்னீங்களே, அதே சத்தத்துல சொல்லோணும்."

பழைய நோட்டை வாசற்படி தாண்டவிடவில்லை நான். செல்வி ஓடிப்போய்ப் புதுசாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்தாள். டிபன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்து, உங்கள் முறைப்படி வாய்விட்டுப் படித்தேன். "அறியாமல் சொல்லிவிட்டேன்" என்ற இடத்தில் செல்வி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இல்லீங்க. தெரிஞ்சுதானுங்க சொன்னீங்க. யாரு காதுல விழுகும்னுதான் தெரியல. திருத்துங்க."

அடித்துவிட்டுத் திருத்தினேன். மறுபடி படித்தேன்.

"ஆமாங்க, இதேதான்" என்றாள். கையெழுத்துப் போட்டேன். எத்தனை பேரிடம் பேனாவை நீட்டியிருக்கிறேன், என்னிடம் ஒருவர் நீட்டியது அன்றைக்குத்தான்.

தனத்திடமும் கேட்டேன், மலரில் அவள் பேரைப் போடலாமா என்று. "போடுங்க. கட பேரையும் சேத்துப் போடுங்க, நாலு வக்கீலாச்சும் தின்ன வரட்டும்" என்றாள். கடைக்குப் பேர் வைக்கவில்லை என்பது பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது.

அத்தோடு விடவில்லை. வெள்ளிக்கிழமை, கொடுமுடி வரைக்கும் வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் இருப்பதா என்று இரண்டு பேரும் ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். சந்நிதியில் கூட்டம். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

வழக்கப்படி "சாமி பேருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"செல்வி, கார்த்திகை நட்சத்திரம்!" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைவிடப் பெரிய குரல் நங்கையா அவளுக்கு. இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. அவள் சாமியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "தனலட்சுமி, பூரம்!" என்று அடுத்த குரல் வந்தது. "ம், நீங்க சொல்லுங்க" என்று இரண்டு பேரும் என் முதுகில் இடித்தார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறம் என் பேரையும் நட்சத்திரத்தையும் நான் சொன்னேன். மெதுவாகத்தான் வந்தது. குருக்கள் மறுபடி கேட்டார். சத்தமாகச் சொன்னேன்.

கல்லூரிக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உங்கள் நாளுக்குள் நோட்டு வராது; கேட்டு முடித்தால்தான் வரும் என்று. மலருக்குக் கேட்டு வந்த அந்தப் பெண், "மேடமும் இதையேதானுங்க சொல்லியிருப்பாங்க" என்றாள். அதற்கடுத்த ஞாயிறிலிருந்து அவளும் என்னோடு வருகிறாள். இதுவரைக்கும் இருபத்தாறு பேரைக் கேட்டாயிற்று. நாலு பேர் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பக்கங்கள் நம் வீட்டிலேயே இருக்கும்.

மீதி நூற்றுப் பதினேழு பேரையும் நேரில் பார்த்து, அவரவர் பக்கத்தைத் தனித்தாளில் பிரதி எடுத்துப்போய் அவரவருக்குப் படித்துக் காட்டி, கேட்டுக்கொண்டு வருவேன். கால் நடக்கும் வரைக்கும் நடப்பேன். முடியாத அன்றைக்குச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பதும் எனக்கு இப்போது தெரியும், என்னோடு நடக்கிற அந்தப் பெண்ணிடம்தான். வருகிற சரஸ்வதி பூஜைக்கு மூன்றாம் நோட்டுக்குப் பொட்டு வைக்கும்போது, நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து என்னைப் பாருங்கள் நங்கையா. நானும் நிமிர்ந்து பார்ப்பேன்.

உங்கள் தம்பி வீட்டுக்காரி,
நீங்கள் "அம்மணி" என்று கூப்பிட்ட
ஈஸ்வரி